மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு: ஃபுல் ஃபிரேம் லென்ஸ் கேள்வி பதில்

கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு (36×24 மி.மீ. பெரிய சென்சார்) மாறுபவர்கள் கேட்டவை இவை. இனி கேட்பவர்கள் பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) மாடலையும் லென்ஸின் முழுப் பெயரையும் எழுதுங்கள். "கேனான் 50 இருக்கு, போடலாமா" என்றால் பதில் சொல்ல முடியாது. லென்ஸ் உடம்பில் இருக்கும் எழுத்துகளில்தான் பாதி பதில் இருக்கிறது.

கேள்வி: சார், நிக்கான் டி5300-லிருந்து டி750-க்கு மாறப் போகிறேன். 18-140 டிஎக்ஸ், 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் இரண்டும் கையில் இருக்கிறது. விற்றுவிடலாமா?

இரண்டும் மாட்டும், ஆட்டோஃபோகஸும் ஓடும். ஆனால் டிஎக்ஸ் (நிக்கானின் கிராப் வகை) லென்ஸ் என்று தெரிந்ததும் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகிவிடும். 18-140-ஐத் தயங்காமல் விற்றுவிடுங்கள்.

35-ஐ விற்கும் முன் ஒரு சோதனை. ஷூட்டிங் மெனுவில் இமேஜ் ஏரியாவுக்குப் போய் ஆட்டோ டிஎக்ஸ் கிராப்பை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 1.8-லும் எஃப் 8-லும் எடுங்கள். நான்கு மூலைகளும் இருளும். சாதாரணமாக அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) சுருக்கினால் மூலை இருட்டு குறையும். இங்கே லென்ஸ் வரையும் ஒளி வட்டமே சென்சாரை முழுதாக மூடவில்லை; அதனால் சுருக்கச் சுருக்க இருட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகும். சென்சார் 36×24 மி.மீ., அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. கிராப் லென்ஸுகள் ஏறக்குறைய 28 மி.மீ. மூலைவிட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. போர்ட்ரெய்ட்டில் அந்த இருட்டு உறுத்தாது என்று நினைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

டி5300-ல் 35 காட்டிய பார்வைக் கோணம் டி750-ல் வேண்டுமென்றால் வாங்க வேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8. அப்பர்ச்சர் வளையம் இல்லாத ஜி வகைதான் வேண்டும் என்றில்லை. டி750-க்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், பழைய டி5300-ல் ஃபோகஸ் ஆகாத மலிவான 50 எஃப் 1.8டி-யும் ஓடும். அதை மாட்டும்போது அப்பர்ச்சர் வளையத்தைப் பெரிய எண்ணான 22-ல் வைத்துப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் திரையில் "எஃப்ஈஈ" என்று மின்னும், ஷட்டர் விழாது. இதைப் பார்த்துப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

கேள்வி: கேனான் 200டி வைத்திருக்கிறேன். ஈஎஃப்-எஸ் 18-55, ஈஎஃப்-எஸ் 10-18, ஈஎஃப் 50 எஸ்டிஎம். அடுத்தது 6டி மார்க் 2-வா, ஆர்8-ஆ என்று குழப்பம். எதில் எது வேலை செய்யும் அண்ணா?

மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஓரத்தில் இருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி ஈஎஃப் (ஃபுல் ஃபிரேம்), வெள்ளைச் சதுரம் ஈஎஃப்-எஸ் (கிராப்). 6டி மார்க் 2-ல் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கிறது. ஆக, உங்கள் 50 மட்டும் போகும். மற்ற இரண்டும் மாட்டவே மாட்டாது. நிக்கான்போல் கிராப் செய்து சமாளிக்கும் வசதி இதில் இல்லை. ஈஎஃப்-எஸ் லென்ஸின் பின்பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபுல் ஃபிரேமின் பெரிய மிரர் (பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி) மேலே எழும்போது அதில் இடிக்கும் என்பதால்தான் இந்தத் தடை. தடுக்கிற விளிம்பை அரத்தால் ராவி மாட்டுவது எப்படி என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. செய்யாதீர்கள், வைட் பக்கம் போகும்போது மிரர் உடையும்.

ஆர்8 மிரர்லெஸ், அதாவது உள்ளே அந்த மிரர் கிடையாது. ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் மூன்றுமே மாட்டும். ஈஎஃப் மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ., ஆர்8-ன் ஆர்எஃப் மவுன்ட்டில் 20 மி.மீ. அடாப்டர் அந்த 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்றுக் குழாய். லென்ஸ் கண்ணாடி எதுவும் அதில் இல்லாததால் படத்தின் தரம் குறையாது, மின் தொடர்பும் அப்படியே கடந்து போகும். ஈஎஃப்-எஸ் இரண்டுக்கும் கேமரா 1.6 கிராப்புக்குத் தானே மாறும். 24 மெகாபிக்சல் ஒன்பது சொச்சம் ஆகும். 10-18-ஐ வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். என் தேர்வு ஆர்8.

கேள்வி: சிக்மா 18-35 எஃப் 1.8 டிசி, கேனான் மவுன்ட். இது 6டி மார்க் 2-ல் சுலபமாக மாட்டுகிறதே? அப்படியானால் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்தானே?

இல்லை. சிக்மா வெள்ளைச் சதுரத் தடையை வைப்பதில்லை, சாதாரண ஈஎஃப் மவுன்ட்டையே போடுகிறது. அதனால் மாட்டும். வியூஃபைண்டரிலேயே கறுப்பு வட்டம் தெரியும், அதுவேதான் படத்திலும் வரும். மிரர்லெஸ் ஆர் பாடியில் அடாப்டருடன் போட்டு, தானாகக் கிராப் ஆகவில்லை என்றால் மெனுவில் 1.6-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்துகளைச் சொல்லிவிடுகிறேன். சிக்மாவில் டிஜி என்றால் ஃபுல் ஃபிரேம், டிசி என்றால் கிராப். கூடவே டிஎன் இருந்தால் மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்தது. டாம்ரானில் டிஐ ஃபுல் ஃபிரேம், டிஐ 2 கிராப், டிஐ 3 மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேம். டிஐ 3-ஏ மட்டும் மிரர்லெஸ் கிராப். அந்த ஒற்றை "ஏ"-வைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். டோக்கினாவில் எஃப்எக்ஸ் ஃபுல் ஃபிரேம், டிஎக்ஸ் கிராப். சோனியில் எஃப்ஈ என்றால் ஃபுல் ஃபிரேம், வெறும் ஈ என்றால் கிராப்.

கேள்வி: சோனி ஏ7 4. வீடியோதான் முக்கியம். கையில் ஈ மவுன்ட் 16-50 கிராப் லென்ஸ். உடனே மாற்ற வேண்டுமா?

போட்டோவுக்கு 33 மெகாபிக்சல் சுமார் 14 ஆகும், ஓரளவு பரவாயில்லை. வீடியோவில் இன்னொரு விஷயம்: இந்த கேமராவில் 4கே 60 ஃபிரேம் எப்படியும் சூப்பர் 35 கிராப்பில்தான் (கிராப் சென்சார் அளவு நடுப்பகுதியில்தான்) பதிவாகும். அந்த முறையில் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் போட்டாலும் நடுப்பகுதிதான் பயன்படும். ஆகவே 60 ஃபிரேமிலேயே வேலை செய்பவருக்கு அவசரமே இல்லை. 4கே 24, 25-ல் முழு அகலமும் வேண்டுமென்றால் எஃப்ஈ தேவை.

கேள்வி: சோனி லென்ஸை நிக்கான் இசட்-ல் போட அடாப்டர் கிடைக்கிறது. நிக்கான் இசட் லென்ஸை சோனியில் போட ஏன் கிடைப்பதில்லை?

அடாப்டர் தடிமனுக்கு இடம் வேண்டும். மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கான தூரம் இது: நிக்கான் இசட் 16 மி.மீ., சோனி ஈ 18, கேனான் ஆர்எஃப் 20, எல் மவுன்ட் 20, கேனான் ஈஎஃப் 44, நிக்கான் எஃப் 46.5. லென்ஸின் எண் பாடியின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சோனி லென்ஸ், இசட் பாடி என்றால் 2 மி.மீ. மிஞ்சும், அந்த மெல்லிய இடத்துக்குள் மின்சுற்றையும் வைத்து அடாப்டர் செய்திருக்கிறார்கள். தலைகீழாகப் போட்டால் லென்ஸ் 2 மி.மீ. தள்ளி நிற்கும், தூரத்துப் பொருள்கள் ஃபோகஸே ஆகாது.

கேள்வி: இசட்6 + எஃப்டிஇசட் + 80-200 எஃப் 2.8டி. ஃபோகஸ் அசையவே இல்லை. கான்டாக்ட் எல்லாம் துடைத்துப் பார்த்தேன். அடாப்டர் பழுதா ஐயா?

பழுதில்லை. டி வகை லென்ஸை ஓட்டுவது பாடியிலிருந்து நீளும் ஸ்க்ரூ. எஃப்டிஇசட்-ல் (நிக்கான் எஃப் லென்ஸை மிரர்லெஸ் இசட் பாடியில் மாட்டும் அடாப்டர்) அந்த ஸ்க்ரூவும் இல்லை, மோட்டாரும் இல்லை. எஃப்டிஇசட் 2-லும் அதே கதைதான். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி, ஏஎஃப்-ஐ என்று எழுதியிருப்பவை மட்டும் தானே ஃபோகஸ் ஆகும். அளவீடு, அப்பர்ச்சர் எல்லாம் சரியாக இயங்கும். ஃபோகஸ் பீக்கிங் (ஃபோகஸான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி) போட்டுக் கையால் திருப்பலாம். ஓடும் குழந்தைகளை எடுக்கத்தான் இந்த லென்ஸ் என்றால், டி750 போன்ற மோட்டார் உள்ள பாடியோடு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அப்பாவின் பழைய நிக்கான் ஃபிலிம் கேமராவில் இருந்த 50 எஃப் 1.4. டி750-ல் போட்டால் கேமராவுக்கு ஆபத்து என்கிறார்களே?

1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸ் என்றால் ஆபத்துதான். மவுன்ட்டைச் சுற்றி பாடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். பழைய வளையம் அதன்மேல் ஏறி உடைத்துவிடும். அப்பர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக, பெரிதும் சிறிதுமாக இருந்தால் அது ஏஐ வகை, தாராளமாகப் போடலாம். ஒரே வரிசை, மேலே இருக்கும் உலோகக் கொம்பில் துளை இல்லை என்றால் மாட்டாதீர்கள். ஏஐ லென்ஸ் என்றால் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டாவில் 50, 1.4 என்று பதிந்துவிடுங்கள்.

கேள்வி: ஹீலியோஸ் 44-2 எந்த பாடியில் நன்றாக இருக்கும்?

மிரர்லெஸ் எதிலும். இந்த லென்ஸின் எம்42 திருகு மவுன்ட்டிலிருந்து சென்சாருக்குத் தூரம் 45.46 மி.மீ. நிக்கான் எஃப் அதைவிட நீளம். லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டர் வளையம் போட்டால் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது, லென்ஸ் கண்ணாடி உள்ள வளையம் போட்டால் படம் மங்கும். கேனான் டிஎஸ்எல்ஆரில் ஒன்றரை மி.மீ. வளையம் போதும், ஆனால் ஃபுல் ஃபிரேம் பாடி சிலவற்றில் இன்ஃபினிட்டியில் (மிகத் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால்) மிரர் லென்ஸின் பின்புறத்தை உரசும். மிரர்லெஸ்ஸில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்பதை ஆன் செய்யுங்கள். பாடிக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இருந்தால் 58 மி.மீ. என்று கையால் பதியுங்கள். மறந்தால் அதுவே படத்தைக் கலைக்கும்.

கேள்வி: பறவைகளுக்காக ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 வாங்கி 1.4 எக்ஸ்டெண்டர் போடலாமா?

எந்த 70-200 என்று பாருங்கள். 2019-ல் வந்தது, ஜூம் செய்தால் நீளும் வகை, எக்ஸ்டெண்டரை (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி 1.4 மடங்கு நெருக்கமாகக் காட்டுவது) ஏற்காது. நுழைய உள்ளே இடமில்லை. 2024-ல் வந்த "இசட்" வகை ஏற்கும். ஆர்எஃப் 100-500 ஏற்கும், ஆனால் ஜூமை 300-க்கு மேல் வைத்துத்தான் மாட்ட முடியும். கிடைப்பது 420-700, நீள முனையில் எஃப் 10. பழைய ஈஎஃப் 70-200 எஃப் 2.8 இருந்தால் லென்ஸ், ஈஎஃப் எக்ஸ்டெண்டர், அடாப்டர், பாடி என்ற வரிசையில் மாட்டுங்கள்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது கடையிலேயே என்ன பார்ப்பது?

உங்கள் பாடியைக் கையோடு கொண்டு போங்கள். மாட்டியதும் ஆட்டமிருக்கிறதா என்று லேசாகத் திருகுங்கள். தெரு முனையில் இருக்கும் பெயர்ப் பலகையில் ஃபோகஸ் வைத்து, எழுத்துகளை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுவந்து நான்கு படம். ஒரு மூலை மட்டும் மங்கினால் வாங்காதீர்கள். எஃப் 16-ல் ஐந்தாறு முறை அடுத்தடுத்து எடுத்தால் எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். ஏறி இறங்கினால் அப்பர்ச்சர் இதழில் எண்ணெய். கடைசியாக செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி வலைபோல் தெரிவது பூஞ்சை.