வீட்டின் மேல் கடன் வாங்கும் முன்: மின்னணுச் சாட்சியத் துறை பற்றி ஒரு தாய்க்கு

அம்மா, கடந்த சனிக்கிழமை உங்கள் மகளுடன் வந்திருந்தபோது பேச்சு முழுவதையும் அவளுடைய தாய்மாமாவே நடத்தினார். பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இறுதியாண்டில் இருக்கும் பெண்ணை எம்.எஸ். படிக்க வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு விருதுநகர் வீட்டின் பேரில் 40 லட்சம் ரூபாய் கடன் வாங்க வேண்டும், அவள் கேட்கும் மின்னணுத் தடயவியல் (கைப்பேசி, கணினி, கேமரா பதிவுகளில் குற்றச் சான்று தேடும் துறை) என்பது பிணவறைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைகிற வேலை, அதைப் படித்தால் வரன் அமையாது என்றார். கலங்காதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தேன். அப்படிச் சொன்னது தவறு. அந்தக் கடனை நினைத்து நீங்கள் கலங்கத்தான் வேண்டும். அதை அடைப்பது வெளிநாட்டு வேலையையும் விசா விதிகளையும் நம்பியிருக்கிறது. இரண்டும் உங்கள் கையில் இல்லை, பறிபோகக்கூடிய வீடு மட்டுமே உங்களுடையது.

கடையில் பணம் காணாமல் போன அன்று நாள் முழுவதும் கேமரா பதிவின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டீர்கள். அவளிடம் தனியாகக் கேட்டேன். பதிவைப் பென் டிரைவில் ஏற்றுவதற்கு முன்பு, கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். கருவியின் திரையில் ஓடிய நேரத்தையும் கைப்பேசி காட்டிய நேரத்தையும் ஒரு தாளில் அருகருகே எழுதி, கருவி 11 நிமிடம் பின்தங்கியிருப்பதைக் குறித்து, கீழே தேதியும் போட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் செய்தது, பயிற்சி பெற்ற ஆய்வாளர் சம்பவ இடத்தில் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், கேமராவில் 9.40க்குத் தெரிகிற ஆள்தான் அழைப்பு விவரப் பதிவின்படி 9.51க்குப் பேசியவர் என்பதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். கைப்பற்றிய கைப்பேசியைத் தொலைவிலிருந்து யாரும் அழித்துவிடாதபடி, அலைகள் புகாத பையில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வன்தட்டை நேரடியாகத் திறப்பதில்லை, ஏனெனில் திறந்தாலே கோப்புகளின் தேதிகள் மாறக்கூடும். மூலத்தில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாக முழு நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் கைரேகை போன்ற அடையாளத்தை, கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகு, நகலில் மட்டுமே ஆய்வு நடக்கிறது. எஸ்.எச்.ஏ.256 என்ற கணக்கீட்டு முறையில் அம்மதிப்பு 64 குறிகள் கொண்ட ஒரு வரிசை. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் வரிசை முழுவதும் வேறாகிவிடும். பல செயலிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிப்பதால், இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்த அறிக்கை இரவு பத்து மணிச் செய்தியை மாலை நான்கரைக்குக் கொண்டுபோய்விடும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்ற பதிவில் ஓரிடம் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் பிடிப்பார்.

இத்துறைக்குச் சட்டத்தின் பிடிமானமும் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியதை, 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும், அதன் இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. மாநிலங்கள் அதைச் செயல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு எம்.எஸ்ஸி. இருக்கிறது, காந்திநகரில் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. இரண்டின் கட்டணத்தையும் நேரில் கேட்டு எழுதி, அந்த 40 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார இறுதி ஹேக்கிங் சான்றிதழ் வகுப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. அரசு ஆய்வகப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புக்குக் காத்திருக்க நேரும். அதுவரை வங்கி மோசடி விசாரணைப் பிரிவிலோ தணிக்கை நிறுவனத்திலோ சுமாரான சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கலாம். குழந்தைகள் துன்புறுத்தப்படும் காட்சிகளையும் சில வழக்குகளில் பார்த்தாக வேண்டும். அதைத் தாங்க முடியுமா என்பதற்கு மாமா பதில் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.

எனவே கடன் விண்ணப்பத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள். நீதிமன்ற விசாரணைகள் பொதுவாகப் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. செமஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் மாவட்ட நீதிமன்றத்தில் அவளை உட்காரவைத்து, சாட்சி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்வதை முழுவதும் பார்க்கச் செய்யுங்கள். வீடு திரும்பியதும், நிபுணர் சாட்சியாக அப்படிக் கூண்டில் நிற்க அவளுக்கு மனம் இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள்.