குடும்ப வரலாற்று ஒப்படைக்கு அம்மம்மாவிடம் மகள் என்ன கேட்கலாம்?

கேள்வி: தரம் 8 படிக்கும் மகளுக்கு, உறவினர்களைப் பேட்டி கண்டு குடும்ப வரலாறு எழுதும் ஒப்படை தந்திருக்கிறார்கள். அம்மம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

ஒப்படையோடு ஒரு படிவமும் வந்திருக்குமே? தந்தையின் பெயர், தந்தையின் தந்தை பெயர், அவருடைய தொழில் என்று மேலே ஏறிப்போகும் கட்டங்கள். சென்ற ஆண்டு என் மகனுக்கும் அதுதான் வந்தது. நீங்களும் எங்களைப்போல் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் இருப்பவராக இருந்தால், முதல் வேலையாக அதை மடித்து ஓரமாக வையுங்கள்.

நான் தம்பிலுவில்காரி. கணவர் காரைதீவிலிருந்து கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது புதினமல்ல. வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். குடி என்று நாங்கள் சொல்லும் வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வருகிறது. என் மகனுக்கு என் குடி. அவனுடைய அப்பாவுக்கு வேறு குடி. அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. தகப்பன் வழியே ஏறிப்போகும் கட்டங்களில் இதை எங்கே எழுதுவது?

‘இணையத்தில் வந்து சாதி பேசுகிறாள்’ என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். குடி வேறு, சாதி வேறு. ஒரே சமூகத்துக்குள்ளேயே பல குடிகள் இருக்கின்றன. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்பதுதான் பழைய கட்டுப்பாடு. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு என்பதில் பெருமையும் உண்டு, சண்டையும் உண்டு. அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் பிள்ளை தன் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டு எதை எழுதுவது?

என் மகன் முதலில் படிவத்தைப் பார்த்தே என் அம்மாவிடம் கேட்டான். எந்த ஆண்டு பிறந்தீர்கள், எந்த ஆண்டு திருமணம்? அம்மா பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைக்கு நிற்பவர்போல் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பிறகு அவனாகவே, “அம்மம்மா, இந்த வீட்டில் எங்களுக்கு முதல் யார் இருந்தது?” என்று கேட்டான். அதன் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. கிடுகு வேய்ந்த வீடாக இருந்தது, பெரியம்மாவுக்கு வீடு கட்ட வேண்டும் என்று தாத்தா ஒரு துண்டு வயலை விற்றது, அந்த வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், யார் யாருக்குக் காணி இருந்தது, அங்கே நிறைய வயல் வைத்திருந்த போடியாருக்கும் தாத்தாவுக்கும் வாய்க்கால் தண்ணீரில் வந்த பகை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கள் குடும்பத்தின் பாதிச் சரித்திரம் யாருக்கு எந்த வீடு போனது என்பதில்தான் இருக்கிறது.

ஆண்டு கேட்டால் அம்மாவுக்கு வராது. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளிதான் அவருக்கு நாட்காட்டி. மூத்த மாமா புயலுக்கு முதல், நான் புயலுக்கு அடுத்த ஆண்டு, சின்னம்மாவின் கலியாணம் தென்னைகள் எல்லாம் விழுந்துகிடந்த காலம். கணக்குப் போடும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். அவர்களுக்கு அது பிடிக்கும்.

பத்திரங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். அம்மா 1952 இல் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருக்கிறது. “நீங்கள் மட்டக்களப்பிலிருந்து வந்தவரா?” என்று மகன் கேட்க, பிறந்த வளவை விட்டு அசையாத அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. படங்கள் எதுவும் எங்களிடம் இல்லை, 2004 கடல் கொண்டுபோய்விட்டது. சுவிஸில் இருக்கும் அக்காவுக்கு முன்பு தபாலில் அனுப்பிய கலியாணப் படங்களை அவர் தொலைபேசியில் திருப்பி அனுப்பினார். வெளிநாட்டு உறவுகளைக் கட்டாயம் கேளுங்கள்.

1990 இல் போரின்போது இங்கே நடந்த வன்முறைகளைப் பற்றி நீயாகத் தோண்டாதே, அம்மம்மா சொன்னால் கேட்டுக்கொள் என்று மகனிடம் முதலே சொல்லிவைத்தேன். பிள்ளைகளிடம் வரலாற்றை மறைப்பதாகச் சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். புள்ளிக்காக ஒரு சிறுவன் கேட்கும் கேள்வியல்ல அது.

புள்ளி என்றதும் வயிறு எரிகிறது. போட்டோகொப்பி, தட்டச்சு எல்லாம் செய்துதரும் கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்தால் வர்ண அட்டை, ரிப்பன், பொன் எழுத்துத் தலைப்பு எல்லாவற்றோடும் ஒப்படை தயாராகக் கிடைக்கிறது. உள்ளே யாரோ ஒருவருடைய தாத்தா! அப்படிக் கொடுத்த பிள்ளைக்கு முழுப் புள்ளி. பென்சிலால் தன் வீட்டின் வரைபடம் கீறி, கையால் எழுதிக் கொடுத்த என் மகனுக்கு, ‘தந்தைவழி முழுமையில்லை, அட்டை அழகில்லை’ என்று குறிப்பு. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் நாற்பது கொப்பி. ஆனால் பெற்றோரின் பணப்பைக்குப் புள்ளி போடுவதென்றால், எங்கள் சம்பளச் சீட்டையே கேட்டுவிடலாமே.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். அம்மம்மா மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலைக்கு உட்காரும் நேரத்தில் போகச் சொல்லுங்கள். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், பாடசாலைகள் திருப்பித் தருவது குறைவு. எங்களுடையது இன்னும் வரவில்லை.