பிராட்ஃபோர்ட் கம்யூனிசத்தைக் கைவிட்டாரா?

சார் வணக்கம். ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. மேஃபிளவர் கப்பல்ல அமெரிக்கா போனவங்க முதல்ல பொதுவுடைமையா வாழ்ந்து பட்டினி கெடந்தாங்களாம், கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்ட் நிலத்தைப் பிரிச்சுக் குடுத்ததும் விளைஞ்சு கொட்டுச்சாம், அவரே எழுதி வச்சிருக்காராம். நெசமா? சொந்தப் பொண்டாட்டி செத்ததைக்கூட அந்தப் புத்தகத்துல எழுதலையாமே, அவ்வளவு கல்நெஞ்சமா?
(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி, வணக்கம்.

ஃபார்வர்டுல பாதி சரி. அவங்க போய்க் குடியேறின பிளிமத் ஊரோட கதையை பிராட்ஃபோர்ட் 'Of Plymouth Plantation'னு புத்தகமா எழுதி வச்சிருக்கார், நீங்க கேக்குறது அதுலதான். 1623ல சோளம் போட குடும்பத்துக்கு இவ்வளவுன்னு நிலம் பிரிச்சுக் குடுத்தார், அதுக்கப்புறம் பொம்பளைங்ககூட சின்னப் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போனாங்கன்னு எழுதுறார். அதுக்கு முன்னாடி வயசுப் பசங்க, அடுத்தவன் பொண்டாட்டி புள்ளைக்கு நாங்க ஏன் கூலியில்லாம உழைக்கணும்னு பொருமினதும் இருக்கு, சொத்தெல்லாம் பொதுவா இருக்கணும்னு சொன்ன கிரேக்க அறிஞர் பிளேட்டோவுக்கும் போற போக்குல ஒரு குட்டு வைக்கிறார். ஆனா அந்தப் பொதுக் கணக்கு யார் தலையில உதிச்சதுன்னு ஃபார்வர்டு போடுறவங்க சொல்லவே மாட்டாங்க. லண்டன் முதலாளிங்க போட்ட கண்டிஷன் தம்பி அது! கப்பலுக்குப் பணம் போட்ட தாமஸ் வெஸ்டன் கோஷ்டி, ஏழு வருஷத்துக்கு எல்லா லாபமும் பொதுவுல சேரணும், கடைசியில பங்கு போட்டுக்கலாம்னாங்க. வாரத்துல ரெண்டு நாள் சொந்த வேலை, வீடும் தோட்டமும் அவங்கவங்களுக்குன்னு முதல்ல பேசியிருந்ததையும் நடுவுல தூக்கிட்டாங்க, அதனால இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் துறைமுகத்துல இவங்க கையெழுத்துப் போட மாட்டோம்னு சண்டை போட்டுட்டுத்தான் கப்பலை எடுத்தாங்க. இதுல மார்க்ஸ் எங்க வந்தார்? 1623ல குடுத்த நிலமும் அப்போதைக்கு உழுதுக்க மட்டும்தான், வாரிசுக்குப் போகாது. கப்பல்ல வந்த 102 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் முதல் குளிர்காலத்துலயே நோய்ல போய்ச் சேர்ந்தாங்க, அப்ப இன்னும் ஒரு விதைகூடப் போடலை. அப்புறம் 1627ல அந்த முதலாளிங்க பங்கை 1800 பவுண்டுக்கு வாங்கிக்க ஒப்புக்கிட்டு, பிராட்ஃபோர்டும் இன்னும் சிலரும் கடனைத் தங்க தலையில ஏத்திக்கிட்டு, பீவர்ங்கற நீர்வாழ் பிராணியோட தோலா லண்டனுக்கு அனுப்பி அனுப்பி 1640கள் வரைக்கும் மாரடிச்சாங்க.

மனைவி விஷயம். டோரத்தி 1620 டிசம்பர்ல, கப்பல் அமெரிக்கக் கரையில கேப் காட் பக்கம் நங்கூரம் போட்டு நின்னப்ப தண்ணியில விழுந்து இறந்தாங்க, அவர் அப்ப சின்னப் படகுல கரை தேடப் போயிருந்தார். தற்கொலைன்னு சுத்துற கதை 19ஆம் நூற்றாண்டுல ஒரு பத்திரிகைக் கதையில கிளம்பினது, ஆதாரம் கெடையாது. கதையோட்டத்துல அவர் இதைத் தொடலைங்கறது உண்மைதான். ஆனா கடைசியில, ஏறக்குறைய முப்பது வருஷம் கழிச்சு, கப்பல்ல வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் என்னாச்சுன்னு ஒரு பட்டியல் போடுறார் பாருங்க, அதுல தன் பேரையும் அவங்க பேரையும் எழுதி, ஒரே மகனை விட்டுட்டு வந்தோம், அவன் பின்னாடி வந்தான்னு எழுதுறார். அப்புறம் தள்ளி, வந்த கொஞ்ச நாள்ல மனைவி இறந்தாங்க, மறுகல்யாணம், நாலு புள்ளைங்க, அவ்வளவுதான். மத்த குடும்பங்களுக்கும் இதே அளவுதான். எனக்கு அது கல்நெஞ்சமா படலை.

கல்நெஞ்சம்னா நான் வேற பக்கத்தைக் காட்டுவேன். 1637ல மிஸ்டிக் ஆத்துப் பக்கம் பீக்வாட்ங்கற பூர்வகுடி மக்களோட கிராமத்தை இங்கிலீஷ்காரங்க ராவோட ராவா சுத்தி வளைச்சுக் கொளுத்தினாங்க, நானூறு பேர் செத்திருப்பாங்கன்னு இவரே கணக்கு சொல்றார். பிளிமத் ஆளுங்க அங்க போகவே இல்லை, கேட்டதை வச்சுத்தான் எழுதுறார். ஆளுங்க நெருப்புல பொரிஞ்சதை, அந்த நாத்தத்தைச் சொல்லிட்டு, அதே வாக்கியத்துல வெற்றி இனிப்பான பலியாத் தெரிஞ்சுச்சு, அவங்க கடவுளுக்கு நன்றி சொன்னாங்கன்னு எழுதுறார். முதல் வருஷம் சோளம் நடக் கத்துக்குடுத்து உயிரைக் காப்பாத்தினது ஸ்க்வாண்டோங்கற பூர்வகுடி ஆள்னு எழுதின அதே பேனா.

இன்னொன்னு, இது சும்மா சிரிக்க: பிஷப்புங்களே வேணாம்னு நாட்டை விட்டு ஓடின மனுஷன் எழுதின கையெழுத்துப் பிரதி, அமெரிக்கப் புரட்சி சமயத்துல காணாமப்போய் 1855ல எங்க கெடச்சுச்சு தெரியுமா, லண்டன் பிஷப்போட லைப்ரரியில! 1897லதான் மாசச்சூசெட்ஸுக்குத் திரும்ப வந்துச்சு.

படிக்கணும்னா 1952ல சாமுவேல் எலியட் மோரிசன் ஸ்பெல்லிங்கை இந்தக் காலத்துக்கு மாத்திப் போட்ட எடிஷனை எடுங்க, மூலத்தோட முட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். அந்தப் பட்டியல் பின்னிணைப்புல இருக்கும், விட்டுறாதீங்க.