ஆபீசர் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் மார்க் ஷீட் எதற்கு?

கேள்வி: என் மகன் பத்தாவது முடித்து 2019ல் பட்டாளத்தில் சேர்ந்தான். சேர்ந்த பிறகு பிளஸ் டூவும் எழுதித் தேறினான். வயது 25. ஆபீசர் ஆக வேண்டும் என்கிறான். தஞ்சாவூரில் ஒருவர், "எஸ்எஸ்பியில் (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) எனக்கு ஆள் இருக்கிறது, 4 லட்சம் ஆகும், கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்கிறார். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். குறுவை அறுத்த பணத்தோடு நகையையும் அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா?
– திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். நானும் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து சிப்பாயாகப் போய், அதிகாரியாகி, ஓய்வு பெற்று வந்தவன்தான். அதற்காக எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் பணம் போகவில்லை.

வழி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்கள் அதிகாரி ஆவதற்கென்றே டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் இருக்கிறது. பட்டாளத்தில் ஏசிசி என்பார்கள். வயது 20 முதல் 27 வரை, குறைந்தது 2 வருட சர்வீஸ், பிளஸ் டூ தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் தேறினால் எஸ்எஸ்பி, அதிலும் தேறினால் மெடிக்கல். அப்புறம் 3 வருடம் ஏசிசியில் படிப்பு, அதற்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் (ஜேஎன்யு) பட்டம் கிடைக்கும். கடைசி 1 வருடம் இந்தியன் மிலிட்டரி அகாடமியில் பயிற்சி. முடித்து வரும்போது லெப்டினன்ட். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது.

இனி அந்தத் தஞ்சாவூர்க்காரர். "கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்றதும் நேர்மையான ஆள் என்று நினைத்துவிட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். 10 பையன்களிடம் வாங்குவார். அதில் 2 பேர் சொந்தத் திறமையில் தேறுவார்கள். அந்த 8 லட்சம் அவருக்கு. மற்ற 8 பேருக்கும் இழுத்தடித்து, பாதியைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். அவர் எங்கேயும் போன் போடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் பிழைப்பு. தேறிய பையனின் தகப்பனே நாலு ஊருக்கு அவர் புகழைப் பரப்புவார். 20 வருடமாக இதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

எஸ்எஸ்பி 5 நாள் நடக்கும். நமக்குப் பக்கம் பெங்களூரு. முதல் நாளே வடிகட்டிப் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. தங்குகிறவர்களை மூன்று பேர் தனித்தனியாக எடைபோடுவார்கள். பையன்கள் எழுதிய தாளைச் சைக்காலஜிஸ்ட் படிப்பார். மைதானத்தில் குழுவோடு வேலை செய்வதை ஜிடிஓ என்கிற குழுத் தேர்வு அதிகாரி பார்ப்பார். இன்னொருவர் நேர்காணல் நடத்துவார். கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரை ஒருவர் கணிப்பு மற்றவருக்குத் தெரியாது. இதில் ஒரே ஆளைப் பிடித்து என்ன செய்ய முடியும்? தவறே நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் இந்தத் தேர்வில் லஞ்சம் என்று ராணுவ அதிகாரிகள் உட்படப் பலர் மேல் சிபிஐ வழக்குப் போட்டது. அப்படி ஒரு விவகாரத்தில் உங்கள் மகன் பெயர் வந்தால் ஆபீசர் கனவோடு இருக்கிற சிப்பாய் வேலையும் போகும்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. அவர் பத்தாவதோடு சேர்ந்தவர். பிளஸ் டூ தேறியது வீட்டுக்குத் தெரியும், யூனிட் ரிக்கார்டுக்குத் தெரியுமா? சேர்ந்த பிறகு படித்த படிப்பு பார்ட் டூ ஆர்டரில், அதாவது சிப்பாயின் சொந்த விவரங்களைப் பதிவு செய்யும் யூனிட் உத்தரவில், ஏற வேண்டும். ஏறாவிட்டால் காகிதத்தில் அவர் இன்னும் பத்தாவதுதான். தம்பியிடம் இன்றைக்கே போனில் சொல்லுங்கள்: "எனக்கு ஏறியிருக்கும்" என்று நம்பி இருக்கக் கூடாது, ஆர்டர் எண்ணையும் தேதியையும் தன் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறவில்லை என்றால் மார்க் ஷீட்டோடு எழுத்தில் மனு. திறந்தநிலைப் பள்ளியில் எழுதியிருந்தால் அது அங்கீகாரம் பெற்ற வாரியமா என்பதையும் உறுதி செய்யச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே பிளஸ் டூ சர்டிபிகேட் என்று விற்கிற இன்னொரு கும்பல் இருக்கிறது. அந்தக் காகிதம் சரிபார்ப்பில் மாட்டும்.

காகிதத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் விண்ணப்பம் ஒரு முறை யூனிட் அலுவலக மேசையிலேயே கிடந்து கடைசி நாள் தாண்டிவிட்டது. ஒரு வருடம் வீண். இன்றும் அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. எஸ்எஸ்பியில் எழுதுவதும் பேசுவதும் அந்த இரண்டில் ஒன்றில்தான். நம் பிள்ளைகள் தாய்மொழியில் யோசித்து, 15 விநாடிக்கு ஒரு வார்த்தை காட்டி வாக்கியம் எழுதச் சொல்கிற தேர்வில் வேறு மொழியில் எழுத வேண்டியிருக்கிறது. இது அநியாயம், எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஆனால் தம்பி அதற்காகக் காத்திருக்க முடியாது, 27 வந்துவிடும். தினமும் அரை மணி நேரம் எளிய ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் பழகட்டும்.

எதைப் பேசுவது என்றால் சொந்தக் கதையைத்தான். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது அவர் வீட்டில்தான் இருந்திருப்பார். அன்றைக்கு என்ன செய்தார், தெருவில் விழுந்த தென்னையை யாரோடு சேர்ந்து வெட்டினார், கரண்ட் வராத நாட்களில் தண்ணீர் எங்கிருந்து கொண்டு வந்தார், சொல்லட்டும். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தும் உங்கள் கடைமடைக்கு ஏன் தாமதமாக வருகிறது என்று விளக்கட்டும். மனப்பாடம் செய்த பதிலை நேர்காணல் அதிகாரி இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். பார்த்ததைச் சொல்பவன் பத்துக் கேள்விக்கும் தாங்குவான். நான் முதல் முறை பாடம் ஒப்பித்துத்தான் தோற்றேன்.

சரி, மார்க் ஷீட். நாளைக்கே யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பணம் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், "யூனிட்டில் கேட்கிறார்கள்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. தர மறுத்தால் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.