மூடிய ஆலையும் உங்கள் மகளின் கவுன்சிலிங்கும்

வணக்கம் அண்ணா,

மகளின் இன்ஜினியரிங் சேர்க்கை பற்றிக் கேட்க சனிக்கிழமை வந்தீர்கள். கூட்டம் அதிகம், பாதிப் பேச்சோடு உங்களை அனுப்பிவிட்டேன். படியிறங்கும்போது நீங்கள் கேட்டது மட்டும் மனதில் நிற்கிறது: "நோக்கியாவையே மூடிட்டாங்க மேடம். இவளை ஈசிஈ, அதான் அந்த எலக்ட்ரானிக்ஸ் படிப்புல சேர்த்து என்ன ஆகப்போகுது? எல்லாரும் சொல்ற மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸே போட்டுடலாமா?"

சரி, அந்த நோக்கியா கதையையே முழுசாகப் பார்ப்போம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவர்களின் செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உங்கள் பக்கத்துப் பெண்களும் கம்பெனி பஸ் ஏறினார்கள். அடுத்த ஆண்டே ஐபோன் வந்தது, பின்னாலேயே ஆண்ட்ராய்டு. பட்டன் போன் சந்தை சரிந்தது, வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அந்த வழக்கால் இந்த ஆலையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது.

இதுவரை உங்களுக்கே தெரியும். அப்புறம் நடந்ததை யாரும் பேசுவதில்லை. அதே ஆலையை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கி 2020-ல் சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் அசெம்பிள் செய்கிறது. 2023-24-ல் தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 950 கோடி டாலரைத் தாண்டியது, நாட்டிலேயே முதலிடம். கம்பெனி போனாலும் துறைமுகமும் சாலையும் லைனில் நின்று பழகிய கைகளும் இங்கேயே இருந்தன. அடுத்த கம்பெனி அவற்றை நம்பித்தான் வந்தது.

நடுவில் போன அந்த ஆறு வருஷம்? நாட்டுக் கணக்கில் அது ஒரு சின்னப் பள்ளம். வேலை போன பெண்ணுக்கு அது அடகில் மூழ்கிய நகை. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தறிக்காரரான உங்களுக்கு இது புதிதும் இல்லை. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று, ஆள் இரண்டு வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியது ஒரு காலத்தில் வீட்டுப் பிள்ளைகள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கோர்வைக்கு ஆள் குறைந்தது. நடந்தது நல்லதுதான், ஆனால் அதற்கான விலையைத் தறி கொடுத்தது. புடவையில் வரும் புட்டா உருவங்களைக் கிராஃப் தாளில் போட்ட இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும், அன்னம் எந்த இழையில் எழும்பும் என்று தெரிந்தவரைத் தேடித்தான் போனார்கள்.

மகள் விஷயத்துக்கும் நான் பார்ப்பது அந்தக் கைப்பழக்கத்தைத்தான். பழைய மிக்ஸி மோட்டாரைப் பிரித்துப்போட்டு மறுபடி ஓட வைத்தாள் என்றீர்களே, அந்தக் கைக்கு ஈசிஈதான் பொருத்தம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு இல்லை. ஆனால் ஆரம்பநிலைக் கோடிங், டெஸ்டிங் வேலைகளில்தான் ஏஐ முதலில் கை வைக்கிறது. அதோடு, ஈசிஈயிலும் புரோகிராமிங் உண்டு.

ஒன்றில் மட்டும் கவனம். லைனில் நின்று அசெம்பிள் செய்ய பி.இ. தேவையில்லை, பிளஸ் டூவோ டிப்ளமோவோ போதும். நாலு வருஷம் படித்துவிட்டு அங்கே போய் நின்றால் நஷ்டம். அவள் குறி வைக்கவேண்டியது சர்க்யூட் போர்டு வடிவமைப்பு, எம்பெடட் (கருவிக்குள்ளேயே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுவது), தரப் பரிசோதனை. அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபில் மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கருவி ஒன்றைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கடைசி வருஷ புராஜெக்ட் சொந்தமாகச் செய்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்று சீனியர்களிடம் தனியாகக் கேளுங்கள். சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்!

பணத்துக்காகத் தறியை விற்கிற பேச்சை விட்டுவிடுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் அவளுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மேனேஜ்மென்ட் கோட்டா பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள்.

வியாழக்கிழமை வாருங்கள். தலைமையாசிரியரிடம் அந்த ஏழு வருஷத்துக்கும் படிப்புச் சான்றிதழ் வாங்கி வாருங்கள். மகளையும் கூட்டிவாருங்கள் அண்ணா. போன தடவை அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.