மனித அமைலேஸ் வாங்குமுன் யூனிட்டைக் கேளுங்கள்

கேள்வி: மாவுச்சத்தை உடைக்கும் நொதியான அமைலேஸை நாவல் கொட்டைச் சாறு தடுக்கிறதா என்று முதுகலை ஆய்வுக்குப் பார்க்கிறேன். பன்றி நொதி வேண்டாம், மனித நொதியிலேயே செய் என்கிறார் வழிகாட்டி. 10 மைக்ரோகிராம் ரீகாம்பினன்ட் (மனித மரபணுவை வேறு செல்லில் வைத்துச் செய்த) மனிதக் கணைய அமைலேஸுக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று மற்றதில் பாதி விலை. அதை எடுக்கலாமா?
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தரவுத்தாளைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். மலிவுக் குப்பிகளில் பல, வெஸ்டர்ன் பிளாட், எலைசா போன்ற, புரதத்தைக் கண்டறியும் சோதனைகளுக்காக ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தவை. மனிதக் கணைய அமைலேஸில் 496 அமினோ அமிலங்கள், வடிவத்தைப் பிடித்துவைக்கும் 5 டைசல்ஃபைடு பிணைப்புகள். ஈ.கோலை செல்லுக்குள் அந்தப் பிணைப்புகள் ஒழுங்காக விழுவதில்லை. புரதம் கட்டிதட்டிப் போகும். அதை யூரியாவில் கரைத்து எடுத்துவிட்டால் ஜெல்லில் பட்டை அழகாக இருக்கும், மாவுச்சத்துதான் உடையாது. ஈஸ்ட்டிலோ பாலூட்டிச் செல்லிலோ செய்து, செயல்திறன் சோதித்த லாட்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து யூனிட், அதாவது நொதியின் செயல்திறனை அளக்கும் அலகு. இதில்தான் ஏமாறுவார்கள். பழைய வழக்கப்படி ஒரு யூனிட் என்பது பிஎச் 6.9, 20 டிகிரியில் 3 நிமிடத்தில் மாவுச்சத்திலிருந்து 1 மில்லிகிராம் மால்டோஸ் சர்க்கரையை வெளிவிடும் நொதி. நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் என்று வைப்பவர்களும் உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 37 டிகிரியில், வேறு சப்ஸ்ட்ரேட்டில் (நொதி உடைக்கும் பொருளில்) அளந்ததை இதோடு ஒப்பிடவே முடியாது. ‘மைக்ரோகிராமுக்கு 1000 பிகோமோல்/நிமிடம்’ என்று பெரிய எண்ணாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம்; மில்லிகிராமுக்கு 1 யூனிட்தான் அது.

மில்லிகிராமுக்கு 500 யூனிட் என்றாலும் உங்கள் 10 மைக்ரோகிராமில் இருப்பது 5 யூனிட். டிஎன்எஸ் முறையில் (வெளிவரும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளப்பது) குழாய்க்கு அரை யூனிட் போட்டால் 10 குழாய். ஐந்து செறிவு, மும்மூன்று தடவை என்றால் 15 குழாய் வேண்டுமே! ஆகவே செறிவு தேடும் வேலையெல்லாம் பன்றி நொதியில் முடியுங்கள். மனித நொதியைக் கடைசி ஐசி50-க்கு (நொதியைப் பாதியாகத் தடுக்கும் செறிவு) மட்டும், 96 குழித் தட்டில், உடைந்ததும் மஞ்சள் நிறம் தரும் சிஎன்பி-ஜி3 சப்ஸ்ட்ரேட் வைத்து 405 நானோமீட்டரில் பயன்படுத்துங்கள். வழிகாட்டியும் ஒப்புக்கொள்வார்.

பஃபரில் ஈடிடிஏ கூடாது, நொதிக்குத் தேவையான கால்சியத்தைப் பிடுங்கிவிடும். குளோரைடு இல்லாவிட்டாலும் நொதி சோம்பிவிடும். 20 மில்லிமோலார் பாஸ்பேட், 6.7 மில்லிமோலார் சோடியம் குளோரைடு வழக்கமான அளவு. நாவல் கொட்டையின் பாலிபீனால் தானே டிஎன்எஸ்ஸைச் சிவக்க வைக்கும். நொதியில்லாமல் சாறு மட்டும் போட்ட பிளாங்க் (கழித்துப் பார்க்கும் குழாய்) கட்டாயம். அதன் டானின் எந்தப் புரதத்தையும் பிடிக்கும். கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்துப் பாருங்கள். தடுப்பு குறைந்தால் காரணம் டானினாக இருக்கலாம். அமைலேஸைத் தடுப்பதாகத் தெரிந்த மருந்தான அகார்போஸ் கன்ட்ரோலையும் விடாதீர்கள்.

கேள்வி: 10 மைக்ரோகிராம் அமைலேஸ் குப்பி வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை! ஐஸ் ஜெல்லும் உருகிக் கிடந்தது. திருப்பி அனுப்பலாமா?
– ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி

பதில்: 10 மைக்ரோகிராம் உலர்பொடி கண்ணுக்குத் தெரியாது. திறக்கும் முன் மைக்ரோஃபியூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள்; மூடியில் ஒட்டியது கீழே வரும். அவர்கள் சொன்ன கரைப்பானில் கரையுங்கள், வோர்டெக்ஸ் வேண்டாம். மேலும் நீர்க்கச் செய்தால் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேருங்கள். இல்லாவிட்டால் நொதி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். தானே பனி நீக்கும் ஃப்ரீசர் ஆகாது.

உலர்பொடி ஓரிரு நாள் சூடு தாங்கும். திரவமாக வந்திருந்தால்தான் கவலை. உருகிய ஜெல்லையும் லாட் எண்ணையும் படமெடுத்து அன்றைக்கே மெயில் போடுங்கள். அடுத்த ஆர்டரில் ‘திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்பவும்’ என்று எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஏற்றிய பெட்டி, மே மாத ஞாயிறு முழுக்க நம்மூர் கூரியர் குடோனில் வெந்துகொண்டிருக்கும்.