யாரைப் பற்றிய அறிக்கை?

அன்புள்ள ஐயா,

நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். சமூகப் பணிக்கும் சுற்றுச்சூழலுக்குமான மாணவர் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். முக்கியமாக இரண்டு வேலைகள் செய்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் சொல்லிக்கொடுத்தோம். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை கொடுக்கும் இயக்கம் ஒன்றை நடத்தினோம். பருவம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சுயபரிசீலனை அறிக்கை எழுதித் தரவேண்டும். எத்தனை பேர் பயனடைந்தார்கள், நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள், ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எவற்றோடு உங்கள் பணி பொருந்துகிறது என்றெல்லாம் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்.

மாதிரிக்காகப் பழைய அறிக்கைகளை வாங்கிப் படித்தேன். எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல இருந்தன. ‘நான் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம்’ என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. சிரித்துவிட்டு நான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதே வரிதான் வந்தது.

உண்மையில் அந்தப் பிள்ளைகள் எங்களிடம் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தேர்வு வந்தபோது நாங்கள் போகவில்லை. விடுமுறையிலும் போகவில்லை. துணிப்பைகளோ எங்கள் விடுதி அறைகளிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. இதையெல்லாம் எழுதலாமா? எழுதினால் ஜூனியர்களுக்கு அடுத்த ஆண்டு நிதி கிடைக்காது என்று நண்பர்கள் கோபப்படுகிறார்கள். எழுதாவிட்டால், இரண்டு ஆண்டும் புகைப்படத்துக்காகத்தான் செய்தோமா என்று தோன்றுகிறது.

ம.

*

அன்புள்ள ம.,

அந்த வரியைக் கண்டு அவ்வளவு கூச்சப்படவேண்டாம். நீங்கள் பெற்றது அதிகம் என்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் முன்னால் நின்று பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பலருக்கும் தங்களுக்கே பின்னம் சரியாகத் தெரியாது என்பது தெரியவரும். கூட்டம் நடத்துவது, கணக்கு ஒப்படைப்பது, வராத ஆளுக்குப் பதிலாகக் கடைசி நிமிடத்தில் இன்னொருவரைப் பிடிப்பது, இவையெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதவை. தாராளமாக எழுதுங்கள்.

ஆனால் உங்கள் படிவம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிட்டது. உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்று. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொன்று. முதலாவதற்கு எல்லா மாணவர்களிடமும் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அநேகமாக யாரிடமும் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் முதல் பதிலையே கொஞ்சம் நெகிழ்ச்சியாக நீட்டி எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு எண்ணிக்கையையும் போட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கு வந்த தலைகளை எண்ணினால் கிடைப்பது வருகைப்பதிவு. யார் பயனடைந்தார்கள் என்பது அதிலிருந்து தெரியாது.

‘அப்படியானால் பிள்ளைகளிடமே கேட்டுவிடலாமே’ என்று தோன்றும். கேட்கலாம். அவர்கள் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு கதை இருக்கிறது. சமூகப் பணியில் இறங்கும் மாணவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வு என்று அதற்குப் பெயர். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் யோசனை. சிறுவர்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுப்பது நோக்கம். 506 சிறுவர்களை எடுத்து, வயது, குடும்பச் சூழல், சுபாவம் போன்றவற்றில் ஒத்திருப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் காசு சுண்டி ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை அப்படியே விட்டுவிட்டார்கள். 1939 முதல் 1945 வரை வேலை நடந்தது. சேர்க்கப்பட்ட சிறுவர்களின் வீட்டுக்கு ஆலோசகர்கள் மாதம் தவறாமல் போனார்கள். படிப்பில் உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் என்று அக்கறையோடு பார்த்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து போகிற காரியம் அல்ல அது. ஆண்டுக்கணக்கில் நீடித்த உறவு.

முப்பது ஆண்டுகள் கழித்து, ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை நடுத்தர வயதில் தேடிப் பிடித்தார். திட்டத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு உதவியது என்றார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் அருமையான அறிக்கை ஒன்று தயாராகியிருக்கும். மெக்கார்ட் நிறுத்தவில்லை. நீதிமன்றப் பதிவுகள், மருத்துவப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து, விட்டுவிடப்பட்ட மற்ற பாதியோடு ஒப்பிட்டார். ஒரு முறைக்கு மேல் குற்றம் செய்தவர்கள், குடிநோய்க்கு ஆளானவர்கள், சீக்கிரம் இறந்துபோனவர்கள் எல்லாருமே உதவி பெற்றவர்களில்தான் கூடுதலாக இருந்தார்கள். 1978இல் இதை வெளியிட்டார். பிற்பாடு அவரும் வேறு ஆய்வாளர்களும் இன்னும் நுணுகிப் பார்த்தபோது, கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் தெரிந்தது. முகாமில் ஒருவனிடமிருந்து ஒருவன் கெட்டுப்போனான் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உங்கள் வகுப்பும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். நான் அதற்காக இதைச் சொல்லவில்லை. அன்பாக ஒருவர் வந்து போனால் யாருக்கும் பிடிக்கும், நன்றி சொல்லத் தோன்றும். அந்த நன்றி பொய்யும் இல்லை. ஆனால் அவர் வராமல் இருந்திருந்தால் தன் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்பது நன்றி சொல்பவருக்கே தெரியாது. நெகிழ்ச்சியை வைத்து விளைவை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் தேர்வுக் காலத்தில் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான வரி. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாகாவில், லத்தீன் அமெரிக்கக் கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் இவான் இல்லிச் பேசினார். கத்தோலிக்கப் பாதிரியார், சிந்தனையாளர். கூப்பிட்ட வீட்டிலேயே சண்டை போட்ட மாதிரிப் பேச்சு. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். இது எனக்கு மிகையாகவே படுகிறது. அப்படிப் பார்த்தால் யாரும் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் அதே பேச்சில் ஓரிடத்தில், ஏழைகளோடு வேலை செய்தே தீருவேன் என்றால் உங்களைப் பார்த்துப் ‘போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு’ என்று சொல்லக்கூடிய ஏழைகளோடாவது வேலை செய்யுங்கள் என்ற பொருளில் ஒரு கருத்து வரும். அதைத் தாண்டிப்போக முடியவில்லை. உங்கள் பிள்ளைகளால் உங்களைப் போகச் சொல்லவும் முடியாது, ஏன் மூன்று வாரமாக வரவில்லை என்று கேட்கவும் முடியாது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதை உங்கள் தேர்வு அட்டவணைதான் முடிவு செய்தது.

இது உங்கள் குழுவின் குணக்கேடு அல்ல. மாணவர் அமைப்புகளின் அமைப்பே அப்படி. மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர் கிளம்பும்போது புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பக்கம் இருப்பவர்களோ அதே ஆட்கள். ஆண்டுதோறும் புதிய அண்ணன்களையும் அக்காக்களையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று உங்களில் யாராவது எழுதிவைத்து அடுத்தவரிடம் கொடுத்தீர்களா? அப்படி ஒரு நோட்டு இருந்தால் அதற்கு எந்தச் சுயபரிசீலனை அறிக்கையையும்விட மதிப்பு அதிகம். இல்லையென்றால் இப்போதுகூட எழுதலாம்.

காசு சுண்டிப் போட்டு ஆய்வு நடத்த உங்களுக்கு நேரமும் இல்லை, அதற்கான அவசியமும் இல்லை. வேறு சில வழிகள் இருக்கின்றன. வந்துகொண்டிருந்து பாதியில் நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பாருங்கள். தொடர்ந்து வருபவர்களுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் வருகிறார்கள். நின்றுபோனவர்களிடம்தான் செய்தி இருக்கிறது. அவர்களுடைய பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். உங்கள் வகுப்பால் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டால் ஒப்புக்குத் தெரிந்தது என்பார். அதற்குப் பதிலாக, இந்தப் பிள்ளைக்கு இப்போது எதில் தடுமாற்றம் என்று கேளுங்கள். நீங்கள் நடத்திய பாடத்துக்கும் அவர் சொல்வதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

துணிப்பை விஷயம் சுலபம். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப்பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில் அது ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மோசமில்லை என்று ஆகும். பருத்தி விளைவிப்பதற்கும் நெய்வதற்கும் அவ்வளவு செலவாகிறது. இது காலநிலைக் கணக்கு மட்டுமே. தெருவிலும் கடலிலும் போய்ச்சேரும் பிளாஸ்டிக் இதில் வராது, எனவே துணிப்பையே கூடாது என்று யாராவது இதை வைத்து வாதிட்டால் நம்பவேண்டாம். ஆனால் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பை ஒரு கணக்கிலும் லாபமில்லை. எத்தனை பை கொடுத்தோம் என்ற எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, விடுதியில் எத்தனை பேர் கடந்த வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள் என்ற எண்ணைப் போடுங்கள். சின்ன எண்ணாக இருக்கும். பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இதுபோன்ற குழுக்கள் ஏன் எப்போதும் வெளியே போய்த்தான் சேவை செய்யவேண்டும் என்று நினைக்கின்றன? நீங்கள் உரிமையோடு கேள்வி கேட்கக்கூடிய, உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகம்தான். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005இல் விடுதிகளுக்கிடையே மின்சாரம் சேமிக்கும் போட்டி வைத்தார்கள். இரண்டு வாரத்தில் மின் நுகர்வு சராசரியாக 32% குறைந்தது. அந்தந்த நேரத்து நுகர்வைத் திரையில் உடனுக்குடன் பார்க்க முடிந்த விடுதிகளில் 55% வரை குறைந்தது. இதில் எனக்குப் பிடித்தது மீட்டர்தான். என்ன ஆயிற்று என்று யாரும் நெகிழ்ச்சியாக எழுதவேண்டியதில்லை, மீட்டரே சொல்லிவிடும். இரண்டு வாரப் போட்டி முடிந்த பிறகு பழக்கம் நீடிக்குமா என்பது வேறு கேள்வி, அதையும் மீட்டரிடமே கேட்கலாம்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் பெரியது. தன் முதலீடுகளை நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து விலக்கிக்கொள்வதாக 2014இல் அது முடிவு செய்தது. ஐரோப்பாவில் அப்படி முடிவெடுத்த முதல் பல்கலைக்கழகம். பின்னால் இருந்தது மாணவர்கள் நடத்திய பிரசாரம். மனு எழுதுவது, கமிட்டி முன்னால் போய் உட்காருவது, வரவுசெலவு அறிக்கையைப் புரிந்துகொள்வது என்று சலிப்பூட்டும் வேலைகள் நிறைந்தது அது. புகைப்படத்துக்கு அவ்வளவாக லாயக்கில்லை. அதனால்தானோ என்னவோ ஆட்கள் குறைவாகச் சேர்கிறார்கள்.

இனி நண்பர்களின் கோபம். நிதி போய்விடும் என்ற பயம் நியாயமானது, தள்ளிவிட முடியாது. ஆனால் நேர்மையாக எழுதினால் கதவு மூடிவிடும் என்பது நிச்சயமில்லை. கனடாவில் எல்லைகளற்ற பொறியாளர்கள் என்ற அமைப்பு இருக்கிறது. பல்கலைக்கழகக் கிளைகள்தான் அதன் பலம். 2008ஆம் ஆண்டு முதல் தங்கள் தோல்விகளை மட்டும் தொகுத்துத் தனி அறிக்கை வெளியிட ஆரம்பித்தார்கள். கிணறு ஏன் நின்றுபோனது, பயிற்சி ஏன் ஒட்டவில்லை என்பது மாதிரியான விஷயங்கள். அதனால் அமைப்பு கவிழ்ந்துவிடவில்லை, மற்றவர்களும் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். தோல்வியை ஒப்புக்கொள்வதும் ஒரு ஃபேஷனாகிவிடலாம். ‘நாங்கள் எவ்வளவு நேர்மையானவர்கள் பாருங்கள்’ என்று ஆரம்பித்தால் மறுபடியும் உங்களைப் பற்றிய அறிக்கையாகத்தான் முடியும். குற்ற உணர்ச்சியை எழுதவேண்டாம். தேர்வுக் காலத்தில் வகுப்பு இத்தனை வாரம் நின்றது, அடுத்த குழு இரண்டு அணிகளாகப் பிரிந்து தேர்வு முடிந்தவர்களை அனுப்பினால் நிற்காது என்று எழுதுங்கள். நிதி கொடுப்பவருக்கும் அது உபயோகமாக இருக்கும், ஜூனியர்கள் திட்டவும் மாட்டார்கள்.

வளர்ச்சி இலக்குகளைப் பொருத்தும் கட்டத்துக்காக ரொம்ப யோசிக்காதீர்கள். மொத்தம் 17 இலக்குகள், அவற்றின் கீழே 169 உட்பிரிவுகள். எதைச் செய்தாலும் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்துகொள்ளும். நான்காவது கல்வி, பன்னிரண்டாவது நுகர்வும் உற்பத்தியும், இந்த இரண்டையும் போட்டுவிட்டு மிச்ச நேரத்தில் அந்தப் பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கும் விடுமுறை விட்டுவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.